அம்மாவின் கையும் மாமாவின் காலும்

அம்மா கொட்டாவி விட்டாள். மடியில் துணிபோலக் கிடந்த வலது கை மெல்ல எழுந்தது. முழங்கை மடங்கி, மணிக்கட்டு நெஞ்சு உயரத்துக்கு வந்து, சுருண்டிருந்த விரல்கள்கூடக் கொஞ்சம் விரிந்தன. கொட்டாவி முடிந்ததும் கை திரும்ப மடியில் விழுந்தது.

பக்கவாதம் வந்து அன்று பதினெட்டாவது நாள். அதுவரை அந்தக் கை ஒரு விரற்கடைகூட அசைந்ததில்லை. நான் போட்ட சத்தத்தில், திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமா தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். "இன்னொரு தடவை தூக்குக்கா, பாப்போம்" என்றார். அம்மா தூக்கப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள், தோள்பட்டை காதுவரை ஏறியது, நெற்றி வேர்த்தது. கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு கொட்டாவி வந்தது. கை எழுந்தது. யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு அக்கா மீனாட்சிக்கு விளக்குப் போட வேண்டுமென்று அப்போதே கிளம்பிவிட்டார். மறுநாள் வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி ஆச்சரியப்படவில்லை. "சில பேருக்கு இப்படி வரும் டீச்சர். நல்லதுதான். ஆனா இத வச்சு கை வந்துருச்சுன்னு நெனச்சுராதீங்க" என்றார்.

நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். பத்தொன்பது வருடமாக நரம்பு மண்டலம் பாடம் என் கையில்தான். கரும்பலகையில் ஒரு தலை, அதிலிருந்து இறங்கும் தண்டுவடம், கடைசியில் ஒரு கை. மூளை கட்டளையிடுகிறது, தண்டுவடம் கடத்துகிறது, தசை கீழ்ப்படிகிறது என்று வருடா வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்தக் கொட்டாவிக்கு முன்னால் இந்த மூன்று வாக்கியமும் நிற்கவில்லை. அம்மா போடும் கட்டளை கைக்குப் போய்ச் சேரவில்லை என்றால், கொட்டாவி மட்டும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? அதற்குப் பிறகு ஒன்றரை வருடமாகப் படித்ததையும், டாக்டர்களிடம் கேட்டதையும், வீட்டில் கண்ணால் பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அம்மாவின் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும். அம்மா முப்பது வருடம் பூ கட்டியவள். விடிவதற்கு முன் மாட்டுத்தாவணியிலிருந்து மல்லி வந்துவிடும். நனைத்த வாழைநாரைக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, காம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக. வலது கை நாரை ஒரு சுற்றுச் சுற்றும், விரலிலேயே ஒரு வளையம் போடும், அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்கும். இழுப்பு கூடினால் காம்பு அறுந்துவிடும். குறைந்தால் பூ உருவிக்கொண்டு வரும். இந்த அளவு எத்தனை என்று அம்மாவிடம் கேட்டால் சொல்லத் தெரியாது. கைக்குத் தெரியும். கண் முழுக்க டிவி சீரியலில் இருக்கும், வாய் என்னைத் திட்டிக்கொண்டிருக்கும், சரம் நீண்டுகொண்டே போகும்.

"கைக்குத் தெரியும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். தெரிவது மூளைக்குத்தான், ஆனால் அதற்குக் கைதான் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தசைக்குள்ளும் மெல்லிய கதிர் வடிவத்தில் உணர்வுறுப்புகள் இருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பது அவற்றின் செய்தி. தசைநாணில் உள்ளவை எவ்வளவு விசை இழுக்கிறது என்று சொல்லும். இந்தச் செய்தி நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தைச் சேர்ந்த இயன் வாட்டர்மேன் என்பவர் சாட்சி. 1971இல், 19 வயதில், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கழுத்துக்குக் கீழே தொடு உணர்வும், கை கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வும் அவருக்குப் போய்விட்டன. தசைகளை இயக்கும் நரம்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பலம் முழுதாக இருந்தும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்துப் பார்த்து நகர்த்தப் பழகினார். நடக்கவும் செய்தார். விளக்கு அணைந்தால் விழுந்துவிடுவார்.

அப்புறம் சிறுமூளை. பிடரிக்கு மேலே, மொத்த மூளையின் எடையில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். ஆனால் மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புச் செல்களில் 6,900 கோடி இங்கேதான் அடைந்திருக்கின்றன. சமநிலைக்கு உரியது என்று பாடத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதன் பெரிய வேலை முன்கூட்டிக் கணிப்பது. மூளையின் மேற்பரப்பிலிருந்து கைத்தசைக்கு ஒரு சமிக்ஞை போய்ச் சேர நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஆகிறது. விரலிலிருந்து செய்தி மேலே ஏறவும் கிட்டத்தட்ட அதே நேரம். ஒவ்வொரு சுருக்குக்கும் செய்தி வரக் காத்திருந்து திருத்தினால் மூன்று முழம் கட்டவே அந்தி சாய்ந்துவிடும். இந்த இழுப்புக்கு நார் இவ்வளவு வரும் என்பதைச் சிறுமூளை முன்னதாகவே கணக்குப் போட்டு வைத்துவிடுகிறது. முப்பது வருடப் பழக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது.

இந்தச் சிறுமூளைக்கு அம்மாவிடம் ஒன்றும் ஆகவில்லை. உணர்வுப் பாதைக்கும் ஒன்றும் ஆகவில்லை. "கை இருக்கறது நல்லாத் தெரியுது, கிள்ளினா வலிக்குது. வரத்தான் மாட்டேங்குது" என்பாள். போனது ஒரே ஒரு பாதை.

அது போன நாளைச் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மாதம், காலை ஆறு மணி. நார் விரலில் நிற்காமல் வழுக்கியது. மரத்துப்போயிருக்கிறது என்று கையை உதறிக்கொண்டு அம்மா மறுபடி கட்டப் பார்த்திருக்கிறாள். எட்டு மணிவரை யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். பலவீனம் என்று சத்து ஊசி போட்டு அனுப்பினார்கள். பதினொரு மணிக்குப் பேச்சு குழறியது. பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது பன்னிரண்டு. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்கினால் நிற்காமல் இறங்கினால், பேச்சு குழறினால், தயவுசெய்து அக்கம்பக்கத்தில் யோசனை கேட்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். ஸ்கேன் எடுக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தில் டாக்டர் காட்டிய இடம் ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவுகூட இல்லை. "இத்தனூண்டுக்கா ஒரு பக்கமே போச்சு?" என்று மாமா கேட்டார். நானும் அதையேதான் நினைத்தேன்.

உடலை அசைக்கும் பகுதி மூளையின் மேற்பரப்பில், ஒரு காதிலிருந்து மறு காதுக்கு ஹேர்பேண்ட் போட்டதுபோல ஓடுகிறது. 1870இல் பெர்லினில் ஃபிரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரண்டு டாக்டர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஆய்வுக்கூடத்தில் இடம் இல்லாமல், ஹிட்ஸிக் வீட்டின் ஒப்பனை மேசையிலேயே நாயின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பக்கம் தொட்டால் எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. பிறகு கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோய்க்கான அறுவைச் சிகிச்சையின்போது, விழித்திருக்கும் மனிதர்களின் மூளையில் இதையே செய்து வரைபடம் போட்டார். மூளைக்கு வலி தெரியாது, அதனால் அது சாத்தியமானது. 1937இல் வெளிவந்த அந்த வரைபடத்தில் முதுகு, வயிறு, தொடை எல்லாம் சின்னச் சின்ன இடத்தில் ஒதுங்கியிருக்கின்றன. கையும் முகமும் நாக்கும்தான் பெரும் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பென்ஃபீல்ட் எழுதி வைத்த ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போவதில்லை. மின்சாரம் தொட்டுக் கை அசைந்தபோது, அதை நான் செய்யவில்லை, நீங்கள் செய்தீர்கள் என்றார்களாம் நோயாளிகள். கொட்டாவியில் கை எழுந்தபோது அம்மாவின் முகத்தில் நான் பார்த்ததும் அதுதான்.

அந்தப் பட்டையிலிருந்தும் அதன் அக்கம்பக்கத்திலிருந்தும் கிளம்பும் நரம்பிழைகள் விசிறிபோல விரிந்து தொடங்கி, கீழே போகப் போக நெருங்கி, மூளையின் ஆழத்தில் ஒரு சந்து மாதிரியான இடத்தில் ஒன்றாகக் கூடுகின்றன. முகம், கை, கால் எல்லாவற்றுக்குமான இழைகளும் அந்தச் சந்தில் ஒட்டிக்கொண்டு போகின்றன. பின்னர் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தில், ஒரு பக்கத்துக்குப் பத்து லட்சம் அளவில் இருக்கும் இழைகளில், நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டிவிடுகின்றன. இடது மூளை வலது கையை ஆள்வது இதனால்தான். மேற்பரப்பில் நிலக்கடலை அளவுக்கு அடி விழுந்திருந்தால் ஒன்றிரண்டு விரல்களோடு போயிருக்கலாம். அம்மாவுக்கு அடைத்தது அந்தச் சந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்.

இப்போது கொட்டாவிக்கு வரலாம்.

தண்டுவடத்துக்கு மேலிருந்து இறங்கும் பாதை இது ஒன்று மட்டும் இல்லை. மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டிலிருந்து வேறு சில பாதைகளும் இறங்குகின்றன. பரிணாமத்தில் அவை மிகப் பழையவை, மீனுக்கும் பல்லிக்கும்கூட உண்டு. உடம்பை நிமிர்த்தி வைப்பது, தள்ளாடினால் தாங்குவது, நடைக்கு வேண்டிய தாளத்தைக் கிளப்புவது எல்லாம் பெரும்பாலும் அவற்றின் பொறுப்பு. மூச்சு, விழுங்குதல், கொட்டாவி போன்றவற்றின் சுற்றுகளும் மூளைத்தண்டில் இருப்பவைதான். மேலிருந்து வரும் பாதை அறுந்துவிட்ட நிலையில், கொட்டாவியின் வேகம் பழைய பாதை வழியாக வழிந்து கையைத் தூக்கிவிடுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். மருத்துவ ஏடுகளில் இதைப் பற்றி வெகுகாலமாகவே குறிப்புகள் உண்டு.

இதே போல இன்னொன்றையும் வீட்டில் பார்த்தோம். டாக்டர் "பல்லைக் காட்டுங்கம்மா" என்றால் அம்மாவின் வாய் இடது பக்கம் கோணும். ஆனால் என் தம்பி மகள் ஏதாவது குறும்பு செய்து அம்மா வாய்விட்டுச் சிரித்தால், இரண்டு பக்கமும் ஒன்றுபோல விரியும். கேட்டதற்காகக் காட்டும் சிரிப்பு ஒரு வழியில் வருகிறது, மனசிலிருந்து வருவது வேறொரு வழியில். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அம்மாவிடம் சிரி என்று சொல்வதை நிறுத்திவிட்டு, சிரிக்க வைப்பதைத் தொடங்கினோம்.

ஆறாவது வாரம் அம்மா நடந்துவிட்டாள். வலது காலை அரைவட்டமாக வீசி, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆனாலும் நடந்தாள். விரல் மட்டும் அசையவில்லை. "காலே வந்துருச்சு, கை வராதா" என்று வந்து பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். கால் பெரியது, விரல் சின்னது, அதனால் விரல் சுலபம் என்று எல்லாருக்கும் தோன்றுகிறது. நரம்புக்கணக்கு தலைகீழ். நடையின் அடிப்படைத் தாளத்தைப் போடும் சுற்றுகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. பழைய பாதைகள் அதற்குக் கைகொடுக்கும். ஒரு விரலை மட்டும் தனியாக மடக்கி நீட்டும் வேலைக்கு மேலிருந்து வரும் அந்தப் புதிய பாதையை விட்டால் ஆள் இல்லை. குரங்கினத்திலும் மனிதரிலும்தான் மூளை மேற்பரப்பின் இழைகள் தண்டுவடத்துக்குள் இறங்கி, கைத்தசையை ஆளும் செல்களையே நேராகப் போய்த் தொடுகின்றன. பூ கட்டுவது, பொத்தான் போடுவது, கோலப்பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் வழியவிடுவது எல்லாம் அந்த நேரடித் தொடுதலால் ஆகிறவை. கடைசியாக வந்தவை முதலில் போகின்றன.

தண்டுவடத்தை ஒரு கேபிள் ஒயர் என்று நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். இனிச் சொல்ல மாட்டேன். சுண்டுவிரல் தடிமனில், ஏறத்தாழ 45 செ.மீ. நீளத்தில், முதுகெலும்பின் முழு நீளத்துக்குக்கூட இறங்காமல் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடும் அந்தத் தண்டு, தானாகவே நிறைய வேலை செய்கிறது. அறுந்து விழுந்த பல்லியின் வாலைப் பார்க்காத வீடு கிடையாது. அந்த வால் துடிப்பதோடு நிற்காது. புரளும், திசை மாற்றும், சில சமயம் எம்பிக் குதிக்கும். அதற்கு ஆணையிட மூளை இல்லை, வாலுக்குள் இருக்கும் தண்டுவடத் துண்டு போதுமானதாக இருக்கிறது.

மனிதரில் இந்தத் தண்டுவடத்தின் மேல் மூளை எப்போதும் ஒரு கை வைத்து அடக்கியே வைத்திருக்கிறது. அந்தப் பிடி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதை அம்மாவின் உடம்பில் வாரம் வாரமாகப் பார்த்தேன். முதல் இரண்டு வாரம் கையும் காலும் தொளதொளவென்று இருந்தன. பிறகு இறுக ஆரம்பித்தன. முழங்கை மடங்கிக்கொண்டது, விரல்கள் முஷ்டியாகச் சுருண்டன. டாக்டர் முழங்காலுக்குக் கீழே சுத்தியலால் லேசாகத் தட்டினால் கால் விசுக்கென்று எகிறியது. தட்டும்போது தசை கொஞ்சம் இழுபடுகிறது, உள்ளிருக்கும் உணர்வுறுப்பு தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகிறது, தண்டுவடம் அங்கேயே, ஒரே ஒரு நரம்பு இணைப்பில், தசையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது. நம் எல்லோருக்கும் இது நடக்கிறது, மூளையின் பிடிக்குள் அளவாக நடக்கிறது. பிடி தளர்ந்ததால் அம்மாவுக்கு அளவு தப்பியது. பாதத்தைச் சட்டென்று மேலே தள்ளிப் பிடித்தால் கணுக்கால் தையல் மெஷின் ஊசிபோலத் தடதடவென்று ஆடும். கைக்கு உயிர் வருகிறது என்று உறவுக்காரர்கள் சந்தோஷப்பட்ட அந்த இறுக்கம் இதே பிடி தளர்ந்ததன் விளைவுதான். எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக இழுத்து நீவினால் இறுக்கம் கூடவும் செய்யும். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். அடி பட்ட இடம் தலைக்குள். எதைத் தேய்த்தாலும் கையின் தோலோடு நின்றுவிடும்.

டாக்டர் ஒரு சாவியால் அம்மாவின் உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல் பக்கமாகக் கோடு இழுத்தார். பெருவிரல் மேலே நிமிர்ந்தது. பெரியவர்களுக்கு அது கீழே மடங்க வேண்டும். நிமிர்ந்தால் மேல்பாதையில் அடி என்று அர்த்தம். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு டாக்டர் 1896இல் சொன்ன சோதனை இது, இன்றைக்கும் ஸ்கேனுக்கு முன்னால் இதைத்தான் செய்து பார்க்கிறார்கள். அன்று சாயங்காலம் ஏழு மாதக் குழந்தையான தம்பி மகளின் உள்ளங்காலில் நான் விரலால் கோடு இழுத்துப் பார்த்தேன். அதே நிமிர்தல். பாட்டிக்குப் பாதை அறுந்திருந்தது, பேத்திக்கு இன்னும் போட்டு முடியவில்லை. அந்த இழைகளின் மேல் கொழுப்புறை முழுதாகப் படிய வருடங்கள் ஆகும்.

மாமா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "பாப்பா, எனக்குக் கொட்டாவி விட்டா ஏன் கால் எந்திரிக்கல?"

மாமாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம். அம்மாவுக்கு வந்ததும் வாதம், மாமாவுக்கு வந்ததும் வாதம் என்று நாம் ஒரே பெயரால் சொல்கிறோம். ஆனால் மாமாவின் இடது கால் சூம்பி, மூங்கில்போல மெலிந்து, தொட்டால் சில்லென்று இருக்கும். இறுக்கம் என்பதே கிடையாது, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் மடங்கும். சுத்தியலால் தட்டினால் ஒன்றும் நடக்காது. எறும்பு கடித்தால் நன்றாகத் தெரியும், அதைத் தட்டிவிடக் கைதான் போக வேண்டும்.

போலியோ வைரஸ் தண்டுவடத்தின் முன்பக்கத்தில் இருக்கும் இயக்கு நரம்புச் செல்களைத் தின்றுவிடுகிறது. உணர்வைக் கொண்டுவருபவை பின்பக்கமாக நுழைகின்றன, அவற்றுக்கு ஒன்றும் ஆவதில்லை. தசையைத் தொட்டுச் சுருங்க வைக்கும் கடைசி ஆள் அந்த முன்பக்கச் செல்தான். 1932இல் நோபல் பரிசு பெற்ற ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய நரம்பியல் ஆய்வாளர் இதற்குக் கடைசிப் பொதுவழி என்று பெயர் வைத்தார். ஆசையால் வரும் அசைவோ, பயத்தால் வருவதோ, சிரிப்போ, அனிச்சைச் செயலோ, கொட்டாவியோ, எங்கிருந்து கிளம்பினாலும் எல்லாம் அந்த ஒரு செல் வழியாகத்தான் தசைக்குப் போக முடியும். அம்மாவுக்கு மேலிருந்து வரும் ஒரு பெரிய சாலைதான் மூடியிருந்தது. வாசல் திறந்திருந்தது, அதனால் கொட்டாவி வேறு தெரு வழியாக வந்து நுழைந்தது. மாமாவுக்கு வாசலே போய்விட்டது. நரம்பு தொடாத தசை மெலிந்து கரைந்துவிடுகிறது, கால் சூம்பியது அதனால்தான்.

இதை நான் சொல்லி முடித்ததும் மாமா கொஞ்ச நேரம் அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அக்காவுக்கு வாசல் இருக்கு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டார்.

மாமாவின் காலைப் பற்றி எங்கள் பாட்டி சாகும்வரை ஒன்றைச் சொல்லி அழுவாள். காய்ச்சலாகக் கிடந்த பிள்ளைக்கு ஊசி போட்டார்கள், அந்த ஊசியால்தான் கால் போனது என்பாள். படித்த பிள்ளைகள் நாங்கள் அதை அறியாமை என்று ஒதுக்கினோம். போலியோ தொற்றும் இருநூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்குத்தான் முடக்கம் வருகிறது. ஆனால் வைரஸ் உடலில் இருக்கும் நேரத்தில் தசையில் ஊசி போட்டால், அந்தக் காலிலோ கையிலோ முடக்கம் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. மாமாவுக்கு அப்படித்தான் நடந்தது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் பாட்டி இருக்கும்போது இது எனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

1995இல் நாடு முழுக்கப் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கியபோது மாமா எங்கள் தெரு முகாமுக்குத் தடியோடு போய் நிற்பார். யாரிடமும் எதுவும் பேச மாட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். பிள்ளையைத் தூக்கி வரும் தாய்மார்கள் அந்தக் காலை ஒரு தடவை பார்ப்பார்கள். இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ தொற்று 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்கத்தின் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27இல் நம் நாடு போலியோ இல்லாத பகுதியில் சேர்ந்தது. அந்தச் செய்தி வந்த பேப்பரை மாமா இன்னும் வைத்திருக்கிறார்.

ஐம்பது வயதுக்கு மேல் மாமாவுக்கு நல்ல காலும் வலிக்க ஆரம்பித்தது, சீக்கிரம் களைத்துப் போனார். வயசாகிறது என்று நினைத்தோம். காரணம் வேறு. போலியோவில் இயக்கு நரம்புச் செல்கள் சாகும்போது, தப்பிப் பிழைத்த பக்கத்துச் செல்கள் புதுக் கிளைகள் விட்டு, அநாதையாகக் கிடக்கும் தசையிழைகளையும் தத்தெடுத்துக்கொள்கின்றன. ஒரு செல் பல செல்களின் பாரத்தைச் சுமக்கிறது. முப்பது, நாற்பது வருடம் சுமந்த பிறகு அவை தளர்ந்துபோகின்றன. அதனால் மாமாவுக்கு டாக்டர் சொன்ன அறிவுரை: அலுப்புத் தட்டும் முன்னரே உட்காருங்கள், அளவுக்கு மீறிப் பயிற்சி வேண்டாம். அம்மாவுக்குச் சொன்னது: விடாதீர்கள், ஒரே அசைவை நூறு தடவை, இருநூறு தடவை செய்யுங்கள். ஒரே திண்ணையில், ஒரே டாக்டரிடமிருந்து, அக்காவுக்கும் தம்பிக்கும் நேர் எதிரான இரண்டு மருந்துச் சீட்டு.

சின்ன வயதில் மாமாவை வேலூருக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று தாத்தா சொல்லிக்கொண்டே இருந்தாராம். போகவில்லை, கையில் காசில்லை. அந்த வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்ற இளம் டாக்டர் 1954இல் ஒரு வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அதன் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, 1966இல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்படக் காரணமானார். தொழுநோயில் அறுபடுவது மூன்றாவது ஓரிடம், தண்டுவடத்தை விட்டு வெளியே வந்த நரம்பு. பால் பிராண்ட் என்ற அறுவைச் சிகிச்சை டாக்டர் அங்கே வளர்த்தெடுத்த சிகிச்சையில், செத்துப்போன தசையின் வேலைக்கு, நன்றாக இருக்கும் வேறொரு தசையின் நாணை எடுத்து மாற்றிக் கட்டுவார்கள். கட்டு பிரித்ததும் நோயாளி பழைய அசைவை நினைப்பார், கையில் புது அசைவு வரும். பழகப் பழக மூளை தன் கணக்கைத் திருத்தி எழுதிக்கொள்ளும்.

அந்தத் திருத்தி எழுதுதலைத்தான் அம்மாவிடமும் எதிர்பார்த்தோம். செத்த இழைகள் முளைக்காது. மிச்சமிருக்கும் இழைகளும் பக்கத்துப் பகுதிகளும் வேலையைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், அதற்கு முதல் சில மாதங்கள் பொன்னானவை. ஆனால் வீட்டில் நாங்கள் செய்தது என்ன? சோறு ஊட்டினோம், தலை வாரினோம், தண்ணீரைக் கையில் கொடுத்தோம். பாசம்தான், வேறென்ன. மிச்சத்தை இடது கை பார்த்துக்கொண்டது. வலது கைக்கு வேலையே வரவில்லை. பயன்படுத்தாமலே பழகிவிட்டால் மூளை அந்தக் கையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடும் என்று பிசியோதெரபிஸ்ட் எச்சரித்தார். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதற்கு ஒரு வழி கண்டார்: நல்ல கையைக் கட்டிப்போடுவது. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 222 பேர் கலந்துகொண்டார்கள். இந்தச் சிகிச்சைப் பிரிவில் இருந்தவர்கள் இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, பலவீனமான கையால் பழகினார்கள். வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட அவர்களின் கை தேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்தத் தேர்ச்சி நின்றது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது நிமிர்ந்தால்தான் இதைச் செய்யலாம். ஐந்தாவது மாதம் அம்மாவுக்கு அந்தக் கொஞ்சம் வந்திருந்தது.

மாமா பழைய துண்டில் ஒரு பை தைத்து அம்மாவின் இடது கையில் மாட்டினார். அம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தட்டைத் தள்ளிவிட்டாள், ஒரு நாள் அழுதாள். திண்ணையில் ஒரு தட்டில் பொரியைக் கொட்டி, ஒரு பக்கம் அம்மாவை, இன்னொரு பக்கம் தம்பி மகளை உட்கார வைப்பார் மாமா. குழந்தைக்கு வயது ஒன்று. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து ஒரு பொரியைச் சுலபமாகக் கிள்ளி எடுத்துவிடுவாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளும் உள்ளங்கையால் வழித்துத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா முழுக் கையையும் தட்டில் அழுத்தி இழுப்பாள், பொரி நசுங்கும். அப்புறம் ஒரு நாள் ஒரு பொரி நசுங்காமல் மேலே வந்தது. அதை அம்மா வாயில் போடவில்லை. பேத்தியின் வாயில் போட்டாள்.

பழைய கை திரும்பவில்லை. நாரில் வளையம் போடும் அந்தச் சுழற்சி வலது கைக்கு இன்றுவரை வரவே இல்லை. ஆனால் கிள்ளிப் பிடிக்க வருகிறது. அதனால் அம்மா வேலையை மாற்றிக் கொடுத்துவிட்டாள். இப்போது மொட்டுகளைப் பிடிப்பது வலது கை, நார் சுற்றுவது இடது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சீரியல் பார்த்துக்கொண்டே கட்ட முடியாது. குனிந்து விரலைப் பார்த்துக்கொண்டே கட்ட வேண்டும். ஒரு முழத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

போன தை வெள்ளிக்கிழமை முதல் சரத்தைக் கட்டி முடித்தாள். மாமா வாங்கித் தன் முழங்கையில் வைத்து விரல் நுனிவரை அளந்தார்.

"முக்கால் முழம்தான் இருக்குக்கா."

"ஒன் கை நீளம்டா. என் கையில அள" என்று அம்மா வலது கையை நீட்டினாள். முழங்கை முக்காலே மூணு வீசம் நிமிர்ந்தது, விரல்கள் பாதிதான் விரிந்தன. மாமா அந்தக் கையில் சரத்தை முட்டியிலிருந்து ஒட்டிப் பிடித்துக்கொண்டே போனார். மடங்கியிருந்த நடுவிரலைத் தாண்டி இரண்டு மொட்டு வெளியே தொங்கியது.

"முழத்துக்கு மேலயே இருக்கு" என்றார் மாமா.